சக்கரத்தின் மேல் ஒரு வீடு: யாருடையது சுத்தம்?

போன மாதம் டெம்போ டிராவலர் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் போய் வந்தோம். ஒரே ஒரு நாள் பயணம்தான். வண்டியைத் திரும்ப விடும் முன் உள்ளே கூட்டச் சொல்லி அம்மா என்னையும் தம்பியையும் அனுப்பினார். சீட்டுக்கு அடியில் புளியோதரை, முறுக்குத் தூள், மணல், ஒரு வாழைப்பழத்தோல்... அரை மணி நேரமாகியும் முடியவில்லை! ஒரு நாளுக்கே இப்படியென்றால், வருஷம் முழுக்க வண்டியிலேயே குடியிருந்தவர்கள் எப்படிச் சமாளித்திருப்பார்கள்? அந்தக் கேள்வியில் ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

கேரவன் என்றால் நமக்கு ஞாபகம் வருவது ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. ஆனால் இங்கிலாந்தில் இன்று ஓடும் மோட்டார் வீடுகளுக்கெல்லாம் தாத்தா, குதிரை இழுத்த வண்டிதான். 1885-ஆம் வருஷத்துக்குப் போவோம்.

அந்த வருஷம் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை டாக்டர், பிரிஸ்டலில் ஒரு கம்பெனியிடம் சொல்லி ஒரு சொகுசு வண்டி கட்டிக்கொண்டார். பெயர் 'வாண்டரர்'. உள்ளே மகோகனி, மேப்பிள் மரவேலைப்பாடு. இரண்டு குதிரைகள் இழுக்க, ஸ்காட்லாந்து வரை சுமார் 1300 மைல் சுற்றினார். குதிரைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வண்டிக்காரர், மற்ற வேலைகளுக்கு ஒரு பணியாள். கூடவே ஒரு பெரிய நாயும் வந்தது. 1886-இல் அவர் எழுதிய பயணப் புத்தகத்தைப் படித்துப் பலர் ஆசைப்பட்டார்கள். 1907-இல் கேரவன் கிளப் தொடங்கியபோது அவரைத் துணைத் தலைவர் ஆக்கினார்கள்.

அதே சாலைகளில் வேறு வண்டிகளும் போய்க்கொண்டிருந்தன. அவை 'ஜிப்சிகள்' என்று மற்றவர்கள் அழைத்த ரோமானி மக்களுடையவை. பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து கிளம்பிய சமூகம் இது. இன்றும் தண்ணீருக்கு அவர்கள் வார்த்தை 'பானி'. 1850 வாக்கில் இங்கிலாந்தில் அவர்கள் கூடாரத்திலிருந்து 'வார்டோ' என்ற வீட்டு வண்டிக்கு மாறத் தொடங்கினார்கள்.

வார்டோவின் அமைப்பைப் பாருங்கள். கதவு முன்பக்கம். நுழைந்ததும் இடது கை பக்கம் இரும்பு அடுப்பு. கட்டில் பின்பக்கச் சுவரோடு குறுக்காக இருக்கும், அதன் அடியில் பிள்ளைகள் படுக்க இடம். சில வண்டிகளில் கூரையின் நடுப்பகுதி உயர்ந்து, இரு பக்கமும் சின்ன ஜன்னல்கள் இருக்கும். சின்ன மர அறையில் நாலைந்து பேர் மூச்சுவிட்டாலே சுவரில் ஈரம் படியும், ஈரம் தங்கினால் மரம் உளுத்துப்போகும். அந்த ஜன்னல்கள் ஈரக்காற்றை வெளியேற்றின. இன்றைய மோட்டார் வீட்டின் கூரையில் இருக்கும் காற்றுத் திறப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. வானிலை நன்றாக இருந்தால் சமையல் வெளியே, திறந்த நெருப்பில். அதனால் உள்ளே கரி குறைவு.

இதைவிட முக்கியம் அவர்களுடைய சுத்த விதிகள். 'மோக்காடி' என்று ஒரு சொல் உண்டு. அழுக்கு என்பதைவிட நம்ம வீட்டு 'எச்சில்', 'தீட்டு' இரண்டுக்கும் நெருக்கமான பொருள். சாப்பாட்டுப் பாத்திரம் கழுவ ஒரு பேசின், கை முகம் கழுவ வேறு பேசின், துணிக்கு வேறு. ஒன்றை மாற்றிப் பயன்படுத்திவிட்டால் மறுபடி அதைச் சமையலுக்கு எடுக்க மாட்டார்கள். தன் உடம்பைத் தானே நக்கும் நாய், பூனைக்கு உள்ளே இடமில்லை. அப்படியென்றால் டாக்டரின் வண்டி அவர்கள் கணக்கில் மோக்காடி!

மானுடவியல் ஆய்வாளர் ஜூடித் ஓக்லி 1983-இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த விதிகளை விரிவாக விளக்கியிருக்கிறார். குதிரை வண்டி போய் கார் இழுக்கும் டிரெய்லர் வந்த பிறகும் விதிகள் மாறவில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கழுவும் சிங்க் அவர்களுக்குப் பிடிக்காது. வண்டிக்குள் கழிப்பறை வைப்பதும் அப்படித்தான். உள்ளே கண்ணாடி மாதிரி பளபளக்கும், குப்பை வெளியே போகும். வழியில் போகிறவர்கள் பார்த்தது அந்த வெளிப்புறத்தை மட்டும்தான். 'அழுக்குப் பிடித்தவர்கள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இப்போது மறுபடி 1885. டாக்டரின் வண்டி புறப்பட்ட அதே வருஷம், தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் ஒன்று வந்தது. கூடாரத்திலும் வண்டியிலும் வசிப்பவர்களின் சுகாதாரத்தைக் கண்காணிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கு அது கொடுத்தது. கோல்வில் ஊர் ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தவாதிக்கு அது போதவில்லை. கால்வாய்ப் படகுகளில் வசித்தவர்களுக்காக அவர் போராடி 1877-இல் ஒரு சட்டம் கொண்டுவர வைத்திருந்தார். அதேபோல எல்லா வீட்டு வண்டிகளையும் பதிவு செய்து, அதிகாரிகள் உள்ளே நுழைந்து சோதிக்க வேண்டும் என்றார். குழந்தைகள் படிக்கவேண்டும் என்ற அக்கறை அவருக்கு உண்மையாகவே இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த வண்டிகளுக்குள் ஏற்கெனவே ஒரு சுத்த ஒழுங்கு இருக்கிறது என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. திருவிழாக்களில் ராட்டினம், காட்சிகள் நடத்திப் பிழைத்தவர்கள் 1889-இல் சங்கம் அமைத்து எதிர்த்தார்கள். மசோதா பலமுறை வந்தும் நிறைவேறவில்லை.

ஊர் ஊராகப் போகும் வீடு என்ற வகையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் பணியாள் துடைத்த வண்டி 'உல்லாசப் பயணம்'. வீட்டுப் பெண்கள் தினமும் துடைத்துப் பளபளக்க வைத்த வண்டி 'சுகாதாரப் பிரச்சனை'. இது பழைய கதை மட்டுமில்லை. 2022-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வந்த சட்டப்படி, அனுமதியில்லாத நிலத்தில் தங்கி, தொந்தரவு என்று சொல்லியும் கிளம்பாவிட்டால், போலீஸ் வண்டியையே பறிமுதல் செய்யலாம். சிலருக்கு அது விடுமுறை வண்டி, வேறு சிலருக்கு அதுதான் வீடு.

அன்றைக்கு அந்த டெம்போ டிராவலரைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அலுத்துக்கொண்டே இருந்தேன். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அடுத்த தடவை யாரையாவது பார்த்து 'இவங்க சுத்தமே இல்லை' என்று சொல்ல வாயெடுக்கும் முன், அவர்கள் வீட்டில் எத்தனை பேசின் இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். நம்ம வீட்டைவிட ஒன்று கூடவே இருந்தாலும் இருக்கும்!