சான்று தேவை: கலைக்களஞ்சியத்தில் நம் பெயர்

வெளியூர்க்காரர்களிடம் வாடிப்பட்டி என்று சொன்னால் உடனே ‘மேளம்தானே?’ என்பார்கள். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் நெடுஞ்சாலையில் இருக்கும் எங்கள் ஊருக்கு அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தது மேளம். ஆனால் அந்த மேளத்தை அடித்தவர்கள் யார், அவர்கள் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. ஊருக்குப் பேர் வந்தது, அடித்தவனுக்கு வரவில்லை. இந்தக் கட்டுரை மேளத்தைப் பற்றியது அல்ல. ஆனால் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேரோடு, சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து ஒரு வேலை செய்து வருகிறோம். தலித் இலக்கியம் தொடர்பான தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் திருத்தி, விரித்து, சான்று சேர்க்கும் வேலை. இருப்பவை இரண்டு பழைய மடிக்கணினிகளும் அவரவர் போனும்தான். எட்டுப் பேருமே பஸ் பிடித்து மதுரைக்குப் போய்ப் படிக்கிறவர்கள், வீட்டில் முதல் பட்டதாரிகள்.

இதற்கு ஏன் இத்தனை மெனக்கெடல் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். செமினாருக்குக் குறிப்பெடுக்கும் மாணவர் முதலில் திறப்பது விக்கிப்பீடியா. பாடம் நடத்துகிறவர் பார்ப்பதும், போட்டித் தேர்வுக்குக் கையேடு போடுகிறவர் எடுப்பதும் பல நேரம் அதுதான். அங்கே ஓர் எழுத்தாளருக்கு இரண்டு வரி இருந்தால், அடுத்த தலைமுறைக்கு அவர் இரண்டு வரிதான்.

கலைக்களஞ்சியத்தை யார் எழுதுகிறார்கள் என்ற கேள்விக்கு மதுரையிலேயே ஒரு பழைய வரலாறு உண்டு. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவினார். அந்தச் சங்கத்தின் வழியாகத்தான் 1910இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ வெளிவந்தது. தனியொரு பள்ளி ஆசிரியர் பல ஆண்டுகள் திரட்டிய நூல் அது. அவருடைய உழைப்பை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த உழைப்பு அச்சேற ஒரு ஜமீன்தாரின் ஆதரவும் ஒரு சங்கமும் வேண்டியிருந்தன என்பதைக் கவனிக்கிறோம்.

அதே 1910இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து இன்னொருவர் வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற நான்கு பக்க வார இதழைத் தொடங்கினார். பிறகு அது ‘தமிழன்’ ஆயிற்று. நிகண்டுகளையும் மணிமேகலையையும் திருக்குறளையும் எடுத்து வைத்துக்கொண்டு, சாதியற்ற ஒரு தமிழ்ப் பௌத்த வரலாற்றை அவர் அதில் எழுதினார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அது இலக்கியத்தைச் சான்றாக வைத்து வரலாறு பேசிய பெரும்பணி.

1914இல் பண்டிதர் இறந்தார். ஞான. அலாய்சியஸ் அவருடைய எழுத்துகளைத் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது 1999இல். இடையே 85 ஆண்டுகள். அவ்வளவு காலமும், தமிழ் இலக்கிய வரலாறு எழுத உட்கார்ந்த ஒருவர் கைநீட்டி எடுத்துப் பார்க்கும்படியான முழுத் தொகுப்பு இல்லை. ‘நம்மவர்கள் எழுதவில்லை’ என்ற பொதுப்புத்தி அந்த வெற்றிடத்தில்தான் வளர்ந்தது.

எழுதவில்லையா? இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் நடத்தியவர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெ. பாலசுப்பிரமணியம் தலித் இதழ்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பே ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’. அது பேசும் காலம் 1869 முதல் 1943 வரை. எழுதியவர்கள் இருந்தார்கள். சேர்த்து வைக்க நூலகமும் சங்கமும்தான் அவர்களுக்கு இல்லை.

விக்கிப்பீடியா வந்தபோது இந்தக் கதவு திறந்தது போலத் தோன்றியது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை ஆரம்ப ஆண்டுகளில் வளர்த்தெடுத்ததில் ஈழத்தைச் சேர்ந்த மயூரநாதனின் பங்கு பெரியது. புரவலரும் பீடமும் தேவையில்லை. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழக அரசும் தமிழ் விக்கிப்பீடியாவும் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டியே நடத்தின.

மாணவர்கள் கூட்டாக உட்கார்ந்து இலக்கியக் கட்டுரைகளை எவ்வளவு உயர்த்த முடியும் என்பதற்கு, கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2008இல் நடந்ததை எங்கள் மாணவர்களுக்குச் சொன்னோம். அங்கே லத்தீன் அமெரிக்க இலக்கியம் நடத்திய ஜான் பீஸ்லி-மரே, வழக்கமான கட்டுரைக்குப் பதிலாக ஆங்கில விக்கிப்பீடியாவைத் திருத்தச் சொன்னார். மாணவர்கள் குழுவாகப் பிரிந்து ஆளுக்கொரு நாவலை, நாவலாசிரியரை எடுத்துக்கொண்டார்கள். விக்கிப்பீடியாவின் ‘நல்ல கட்டுரை’ தரம் கிடைத்தால் ‘ஏ’ மதிப்பெண். மிக உயர்ந்த ‘சிறப்புக் கட்டுரை’ ஆனால் ‘ஏ பிளஸ்’. குவாத்தமாலாவின் மிகேல் ஆங்கெல் அஸ்டூரியாஸ் எழுதி 1946இல் வெளிவந்த ‘எல் செஞோர் பிரெசிதெந்தே’ நாவல் பற்றிய கட்டுரை சிறப்புக் கட்டுரையானது. ஒரு சர்வாதிகாரியைப் பற்றிய நாவல் அது. முகம் தெரியாத விக்கிப் பயனர்கள் வரிக்கு வரி கேள்வி கேட்க, மாணவர்கள் நூலகத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பதில் சொன்னதால் வந்த வெற்றி.

2011இல் புனேயில் சில கல்லூரிகளில் நடந்த முயற்சி இதற்கு நேர்மாறாகப் போனது. பெரும் எண்ணிக்கையில் மாணவர்களைச் சேர்த்தார்கள். பலர் புத்தகத்திலிருந்தும் இணையத்திலிருந்தும் அப்படியே எடுத்து ஒட்டினார்கள். பதிப்புரிமை மீறல் என்று பத்தி பத்தியாக நீக்க வேண்டி வந்து, திட்டமே நின்றுபோனது. மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளி முழுக்க நோட்ஸைப் பார்த்து எழுதச் சொல்லிப் பழக்கிவிட்டு, திடீரென்று ‘சொந்த நடையில் எழுது’ என்றால் எப்படி? எங்கள் குழுவின் முதல் பத்தியும் ஒரு நூலின் முன்னுரையிலிருந்து எடுத்து ஒட்டியதுதான். அது நீக்கப்பட்டது. நீக்கியது சரி. அந்த வாரம் முழுக்க, படித்ததை மூடி வைத்துவிட்டுச் சொந்த வாக்கியத்தில் சொல்லப் பழகினோம்.

அடுத்த பாடம் ‘சான்று தேவை’. அயோத்திதாசர் கட்டுரைக்கு வேலை செய்தபோது, ‘திருக்குறள் அச்சேறக் காரணமானவர் அவருடைய பாட்டனார் கந்தப்பன்’ என்று ஒரு தம்பி எழுதினான். நாம் மேடைகளில் பெருமையோடு சொல்வதுதான். ஆனால் கலைக்களஞ்சியத்தில் அதை அப்படியே எழுத முடியாது. 1812இல் வந்த முதல் அச்சுப் பதிப்பின் முகப்பில் கந்தப்பன் பெயர் இல்லை. துரை ஒருவரிடம் பட்லராக இருந்த கந்தப்பன் கொடுத்த ஏடுகள் எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்தன என்பது அயோத்திதாசரே எழுதிவைத்திருக்கும் செய்தி. ஆகவே ‘என்று அயோத்திதாசர் எழுதுகிறார்’ என்று மாற்றினோம்.

தம்பிக்குக் கோபம். ‘நம்ம ஆளு சொன்னா மட்டும் “என்கிறார்”னு போடணுமா?’ என்றான். நியாயமான கோபம்தான். எல்லாருக்கும் அப்படித்தான் போட வேண்டும் என்றோம். ஆதிக்க சாதிகளின் வீரப் பரம்பரைக் கதைகள் சான்றில்லாமல் உண்மைபோல எழுதப்பட்டிருந்தால், அங்கேயும் போய் இதே கேள்வியை நாம் கேட்கலாம். விதியை நாம் முதலில் மதித்தால்தான் அதைப் பிறர்மேல் பிரயோகிக்கும் உரிமை கிடைக்கும். மேலும், ‘என்கிறார்’ என்று எழுதினால் கந்தப்பன் பெயர் நிற்கும். யாரும் வந்து அழிக்கக் காரணம் இருக்காது.

இன்னொரு விவாதம் ஒரு ஞாயிறு முழுக்க ஓடியது. ஓர் எழுத்தாளரை ‘தலித் எழுத்தாளர்’ என்று வகைப்படுத்தலாமா? பாமா அந்த அடையாளத்தோடு பேசுகிறவர். பூமணியும் சோ. தர்மனும் இமையமும் அப்படி அழைக்கப்படுவதை ஏற்காதவர்கள். அவர்களைச் சொந்தம் கொண்டாடும் ஆசை எங்களுக்கும் உண்டு. ஆனால் பெயர் வைக்கும் அதிகாரத்துக்கு எதிராகப் போராடும் நாமே அடுத்தவருக்குப் பெயர் வைக்கக் கூடாது. எழுத்தாளர் தானாக ஏற்றுச் சொல்லாத அடையாளத்தை நாங்கள் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தோம்.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளியானது எங்கள் மதுரையிலிருந்துதான், சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையத்தின் வழியாக. பெரிய பதிப்பகம் எதுவும் அல்ல. 2000இல் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போய், கிராஸ்வேர்ட் விருதும் பெற்றது. அதே பாமாவின் ‘சங்கதி’யையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் 2021இல் டெல்லி பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. பாடத்திட்டத்திலிருந்து ஒரு குழு நினைத்தால் தூக்கிவிடலாம். சான்றோடு எழுதப்பட்ட கலைக்களஞ்சியப் பக்கத்தை அவ்வளவு சுலபமாகத் தூக்க முடியாது. தூக்கினாலும், யார் எப்போது நீக்கினார்கள் என்பது பக்கத்தின் ‘வரலாறு’ பகுதியில் பதிவாகியிருக்கும். நம்மை அழித்த எந்த ஏட்டில் அப்படியொரு பதிவு இருந்தது?

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். போன மாதம் தங்கை ஒருத்தி கேட்டாள்: ‘எங்க அப்பத்தா சொல்றதெல்லாம் சான்று கிடையாதா?’ அவளுடைய அப்பத்தாவுக்கு நடவுப் பாட்டும் ஒப்பாரியும் நூற்றுக்கணக்கில் தெரியும். கிடையாது என்பதுதான் பதில். அச்சில் வந்தால்தான் சான்று. அச்சகம் யார் கையில் இருந்ததோ, அவர்களுக்குச் சாதகமாகவே இந்த விதி வேலை செய்கிறது. வாய்மொழியையும் சான்றாக ஏற்கலாமா என்று 2011இல் அச்சல் பிரபலா ஒரு முயற்சி செய்தார். இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிராமத்து மக்களின் பேச்சைப் பதிவு செய்து, அதை மேற்கோளாகக் காட்டிப் பார்த்தார்கள். ஆனாலும் அது பொது வழக்கமாகவில்லை.

அதனால் நாங்கள் இப்போது இரண்டாவது வேலையையும் தொடங்கியிருக்கிறோம். அப்பத்தாவின் பாட்டுகளை அவளே பதிவு செய்து எழுதுகிறாள். தம்பிகள் இருவர் நோட்டும் கையுமாக மேளக்காரர்கள் வீடுகளுக்குப் போய், மூன்று தலைமுறைக்கு யார் யார் எந்தக் கருவி அடித்தார்கள், எந்தெந்த ஊருக்குப் போனார்கள் என்று பெயரோடு எழுதி வருகிறார்கள். சிறு நூலாகப் போடப் பணம் திரட்டுகிறோம். முதலில் அச்சு, பிறகு ஆய்வாளர்கள் படித்து எழுதட்டும், அதற்குப் பிறகுதான் கலைக்களஞ்சியம். நீண்ட வழிதான். அயோத்திதாசருக்கு 85 ஆண்டுகள் ஆனது. நமக்கு அவ்வளவு ஆகக் கூடாது.

இதைப் படிக்கும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் பழைய தலித் இதழ், மாநாட்டு மலர், துண்டறிக்கை ஏதாவது கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஆண்டும் அச்சகத்தின் பெயரும் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். நாளை ஒரு மாணவர் எழுதப்போகும் வரிக்கு அதுதான் சான்று.