நடுக்கத்துக்கு நம்பர் போட்டவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கிறவங்க சாயங்காலமா வந்து படிக்கலாம்.

1817-ல் லண்டன் ஹாக்ஸ்டன் பகுதியில் இருந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற டாக்டர், நடுக்குவாதம் பற்றி 66 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதுக்கு அவர் கையில் இருந்த டேட்டா எவ்வளவு தெரியுமா? ஆறே ஆறு பேர். அதிலும் எல்லாரும் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்கள் இல்லை. ரெண்டு பேரைத் தெருவில் எதேச்சையாகப் பார்த்துப் பேசியிருக்கிறார். இன்னொருத்தரைத் தூரத்தில் இருந்து பார்த்ததோடு சரி. முன்னால் சாய்ந்த உடம்பு, ஆரம்பித்தால் ஓட்டமாக மாறிவிடும் நடை, சும்மா இருக்கும்போது ஆடும் கை. எல்லாமே வெறும் கண்ணால் பார்த்து எழுதினதுதான். 200 வருஷம் தாண்டியும் அந்த வர்ணனை நிற்கிறது. இன்னைக்கு நான் ஆறு பேரை வெச்சு ஒரு மாடல் ட்ரெயின் பண்ணிட்டுப் போனா என் மேனேஜரே சிரிப்பார்.

கண்ணால் பார்த்ததைக் கோடாக மாற்றும் வேலையில் பெரிய அடி எடுத்து வைத்தவர் பாரிஸ் சால்பெத்ரியே மருத்துவமனையின் ஷார்கோ. நாடித்துடிப்பைக் காகிதத்தில் கோடாகக் கிறுக்கும் கருவி ஒன்று அந்தக் காலத்தில் இருந்தது. அதை நோயாளியின் மணிக்கட்டில் கட்டி, நாடிக்குப் பதில் நடுக்கத்தைப் பதிந்தார். ஓய்வில் நடுங்கும் கை வேறு, எதையாவது எடுக்கப் போகும்போது நடுங்கும் கை வேறு என்று பிரித்துக் காட்டினார். தலையாட்டம் எல்லார் கண்ணுக்கும் தெரிய, தொப்பியில் நீளமாக ஒரு இறகைச் செருகிவிடுவாராம். செலவில்லாத சென்சார்! நோய்க்குப் பார்க்கின்சன் பெயரைச் சூட்டியதும் இவர்தான். எல்லா நோயாளிக்கும் நடுக்கம் இருப்பதில்லையே, அப்புறம் ஏன் நடுக்குவாதம்னு பேர் என்பது அவர் கேள்வி.

இதே ஷார்கோ ஒரு நாற்காலியும் செய்தார். ரயிலிலும் குதிரை வண்டியிலும் நெடுந்தூரம் குலுங்கி வந்த நோயாளிகள் சிலர், இறங்கியதும் உடம்பு லேசா இருக்கு என்று சொன்னார்களாம். அதைப் பிடித்துக்கொண்டு 1892-ல் ஒரு அதிரும் நாற்காலி. (இந்தக் கணக்குப்படி திருவண்ணாமலை - வேலூர் பஸ்ல பின் சீட்ல போறவங்களுக்கெல்லாம் பாதி குணமாகியிருக்கணும் :-)) 120 வருஷம் கழித்து, 2012-ல், அமெரிக்காவில் இதை மறுபடி சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு அதிரும் நாற்காலி, இன்னொரு குழுவுக்கு அதிராத நாற்காலி. ரெண்டு குழுவுமே கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு முன்னேறியது! யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் என்பதே உடம்புக்கு நல்லது செய்யும் போல. பக்கத்தில் அந்த அதிராத நாற்காலியைப் போட்டு அளக்காமல் இருந்திருந்தால், இன்னைக்கு அந்த நாற்காலி டிவி விளம்பரத்தில் வந்திருக்கும்.

இந்தக் கதைக்குள்ளே நம்ம ஊர் வருவது 1937-ல். மெட்ராஸ் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற ரெண்டு பேர் பூனைக்காலி விதையில் இருந்து எல்-டோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்து, பிரிட்டனின் பயோகெமிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். பூனைக்காலி தெரியும்தானே? வேலியில் படரும், காயில் இருக்கும் சுணை பட்டால் அரிப்பு உயிரை வாங்கும். ஸ்கூல் படிச்ச காலத்தில் எதிரி சட்டைக்குள் போட நாங்கள் பயன்படுத்திய ரசாயன ஆயுதம். எல்-டோபாவை முதலில் பிரித்தவர்கள் இவர்கள் இல்லை. சுவிட்சர்லாந்தில் குகன்ஹைம் 1913-லேயே ஒரு வகை அவரையில் இருந்து எடுத்து, இரண்டரை கிராமைத் தானே விழுங்கிப் பார்த்து வாந்தி எடுத்து ஓய்ந்தார். எதுக்கு உதவும் என்று யாருக்கும் தெரியாது.

அது தெரிய இன்னொரு நம்ம ஊர் மூலிகை வரவேண்டி இருந்தது. சர்ப்பகந்தி வேரில் இருந்து 1952-ல் ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. ரத்த அழுத்தத்துக்கான மருந்து. 1957-ல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்தார். காதைத் தொங்கப்போட்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டன. அப்புறம் டோபாவைக் கொடுத்தார், எழுந்து ஓடின. 1960-ல் வியன்னாவில் ஹார்னிகீவிச், பார்க்கின்சனால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதைக் கண்டார். 1967-ல் நியூயார்க்கில் கோட்சியாஸ் டோபாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பெரிய அளவில் வாய்வழி கொடுத்து ஆட்களை நடக்க வைத்தார். கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் கிடைத்தது. சென்னையில் அந்தக் கட்டுரை வெளிவந்து கோட்சியாஸ் வரைக்கும் சரியாக 30 வருஷம். (பூனைக்காலிப் பொடி நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவேண்டாம். எவ்வளவு டோபா உள்ளே போகிறது என்று கணக்கே இருக்காது.)

மாத்திரை வருவதற்கு முன்பே சென்னை அரசு பொது மருத்துவமனையில் ராமமூர்த்தி, பாலசுப்ரமணியம், கல்யாணராமன், டி.எஸ். கனகா குழு மண்டையோட்டில் சட்டம் பொருத்தி, மில்லிமீட்டர் கணக்கில் அளந்து மூளைக்குள் ஊசி இறக்கிக்கொண்டிருந்தது. 2018-ல் மறைந்த கனகா அம்மையார், ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவர். அவருக்கே ஒரு தனிப் பதிவு போடணும்.

சரி, இதெல்லாம் எனக்கெதுக்கு? என் பெரியப்பா. திருவண்ணாமலையில் கணக்கு வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவர். முதலில் கெட்டது கையெழுத்து. போர்டில் கடைசி பெஞ்சுக்குத் தெரிகிற மாதிரி எழுதினவர், பால் கணக்கு நோட்டில் வரவர எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத ஆரம்பித்தார். இப்போ மூணு மாசத்துக்கு ஒருமுறை சுமார் 80 கி.மீ. தள்ளி வேலூருக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறார். 1989 வரைக்கும் ரெண்டும் ஒரே வட ஆற்காடு மாவட்டம்தான், வைத்தியத்துக்கு இன்னும் அப்படியேதான்.

அங்கே என்ன நடக்கும்? விரலைத் தட்டு, காலைத் தட்டு, எழுந்து நட, திரும்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க். 2008-ல் திருத்தி வெளியிட்ட சர்வதேச அளவுகோலில் உடல் அசைவுப் பகுதிக்கு மட்டும் 33 மார்க், மொத்தம் 132. இதில் ஆள் எவ்வளவுக்கு எவ்வளவு மார்க் வாங்குகிறாரோ அவ்வளவுக்கு ஃபெயில். நல்ல அளவுகோல்தான். ஆனா மாத்திரை வேலை செய்வது சில மணி நேரம். அது ஏறும்போது ஒரு ஆள், இறங்கும்போது வேற ஆள். டாக்டர் முன்னாடி வாத்தியார் கெத்தா நடந்து காட்டிடுவார். மிச்சம் 89 நாளை யார் அளந்தது?

நடையே வராமல் கால் உறைந்துபோவது இந்த நோயில் ஒரு கொடுமை. குறுகலான வாசல், திருப்பம், கூட்டம் எல்லாம் அதைக் கிளப்பிவிடும். பெரிய கோயில் 217 அடி ராஜகோபுரத்துக்குக் கீழே பெரியப்பா நிற்கமாட்டார். உள்ளே கியூ கம்பி திரும்புகிற இடத்தில் நின்றுவிடுவார். பின்னால் இருக்கிறவன் திட்டுவான். ஆச்சரியம் என்னன்னா, உயரமான கல் நிலைப்படி வந்தா காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டிடுவார். "படி இருந்தா ஏறிடுறேன்டா, சமதரைதான் வரமாட்டேங்குது" என்பார். மருத்துவத்தில் இது தெரிந்த விஷயம்தான். தரையில் கோடு போட்டாலோ, தாளம் தட்டினாலோ சிலருக்குக் கால் எழும்பிவிடும்.

உறைந்து நிற்கும் கால் பல நேரம் உண்மையில் நிற்பதில்லை. 3 முதல் 8 ஹெர்ட்ஸில் நடுங்கிக்கொண்டிருக்கும். சாதாரண நடை அதுக்குக் கீழே. ஆக, கணுக்காலில் ஒரு சென்சார் கட்டி இந்த ரெண்டு அலைவரிசையின் விகிதத்தைப் பார்த்தால் உறைவதைப் பிடித்துவிடலாம் என்று 2008-ல் ஒரு கட்டுரை வந்தது. 2010-ல் ஒரு குழு அதைக் கருவியாகவே செய்தது. உறைந்தால் காதில் தாளம் கேட்கும். அவர்கள் டெல் அவிவில் பதிந்த டேட்டாவை இன்றும் மெஷின் லேர்னிங் ஆட்கள் எடுத்துத் தேய்க்கிறார்கள். நானும் ஒரு வாரக்கடைசியில் இறக்கிப் பார்த்தேன். 10 நோயாளிகள், எட்டு மணி நேரத்துச் சொச்சம், 237 உறைதல்கள். ஒவ்வொன்றையும் பிசியோதெரபிஸ்ட்கள் வீடியோ பார்த்துக் குறித்திருக்கிறார்கள். அந்தப் பத்தில் ரெண்டு பேர் உறையவே இல்லை. 1817-க்கு அப்புறம் ஆறு எட்டாகியிருக்கிறது!

அங்கே நடந்தது ஆஸ்பத்திரித் தரை. வெறுங்காலோடு கருங்கல்லில், வெயிலில், இடி வாங்கிக்கொண்டு நடக்கிற ஆள் அதில் ஒருத்தர்கூட இல்லை. இன்னொரு தில்லாலங்கடியும் இந்தத் துறையில் உண்டு. ஒரே ஆளின் டேட்டாவைத் துண்டு போட்டு, பாதியில் கற்றுக்கொடுத்து மீதியில் பரீட்சை வைத்தால் 98 சதவீதம் வரும். மெஷின் நோயைக் கற்கவில்லை, ஆளை அடையாளம் தெரிந்துகொண்டது. புது ஆள் வந்தா வழிசல்தான்.

வேலூரிலும் இந்த அளக்கிற வேலை நடந்திருக்கிறது. விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை சிகிச்சை செய்த மேரி வர்கீஸ், 1966-ல் சி.எம்.சி.யில் மறுவாழ்வு நிலையம் தொடங்க வழி செய்த இடம் அது. அதே சி.எம்.சி.யின் பயோ இன்ஜினியரிங் துறையில் பணியாற்றிய சிவகுமார் பாலசுப்ரமணியன், 2012-லும் 2015-லும் சக ஆய்வாளர்களோடு ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டார்: ஒரு கையசைவு வழுவழுப்பா இருக்கா, வெட்டி வெட்டி வருதா என்று எப்படி நம்பர் போடுவது? நிலையை மூணு தடவை டிஃபரன்ஷியேட் செய்து பார்ப்பது பழைய வழி. செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சென்சாரின் நாய்ஸ் பூதமாகிவிடும். இவர்கள் வேகத்தை ஃபூரியே செய்து, அந்த வளைவின் நீளத்தை அளந்தார்கள். திக்கித் திணறும் அசைவுக்கு மேடு பள்ளம் அதிகம், வளைவு நீளும். அவ்வளவுதான். ஆள் மெதுவா செய்தாரா, வேகமா செய்தாரா என்பது கணக்கைக் கெடுக்காது. கோட் எழுதினால் இருபது வரிகூட வராது. உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஐஐடி மெட்ராஸோடு சேர்ந்து, பக்கவாதம் வந்த கைகளுக்காக ப்ளூட்டோ என்ற கருவியையும் செய்தார்கள். ஒரே மோட்டார், கைப்பிடியை மட்டும் மாற்றி மாற்றி மணிக்கட்டு, முன்கை, விரல்னு பயிற்சி செய்யலாம்.

இப்போ மேட்டருக்கு வருகிறேன். இதே மாதிரி ஒரு வேலைக்கு, அசைவுக் கோளாறு மறுவாழ்வில் மெஷின் லேர்னிங், உதவித்தொகையோடு பிஎச்டி இடம் ஒன்று கண்ணில் பட்டது. எங்கே என்பது இப்போ வேண்டாம். அம்மா கேட்டது "படிச்சது போதாதாடா?" நண்பன் கேட்டது "எவ்வளவு தருவான்?" 2023 ஜனவரி முதல் அமலான உயர்வின்படி மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகை முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பொட்டி தட்டுகிறவனுக்கு இது எவ்வளவு இறக்கம்னு உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நான் அறிவிப்பில் தேடியது வேற வரி. சென்சாருக்குப் பணம் இருக்கு, கம்ப்யூட்டருக்கு இருக்கு. நோயாளியின் வீட்டுக்குப் போய் அளக்கவும், உட்கார்ந்து வீடியோ பார்த்துக் குறிக்கிற பிசியோதெரபிஸ்ட்டுக்கும் இருக்கா? அந்த வரி இல்லைன்னா நாலு வருஷம் அந்த 237-ஐயேதான் நானும் தேய்க்கணும். மெயில் போட்டுக் கேட்டிருக்கேன், பதில் இன்னும் வரலை.

பெரியப்பாகிட்ட சொன்னேன். கணக்கு வாத்தியார் புத்தி, முதல் கேள்வியே "எத்தனை பேரை அளப்பீங்க?" வேலையை விட்டுட்டு ஆராய்ச்சிக்குப் போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, குறிப்பா வீட்டு லோனை முதுகுல வெச்சுக்கிட்டுப் போனவங்க. கடைசி தேதிக்கு இன்னும் 11 நாள் இருக்கு.