எண்ணெய் விளக்கிலிருந்து வயர்மேன் வரை: மட்டாஞ்சேரி வீடுகளின் மின்சார வரலாற்றில் ஒரு கூறு

மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதப் பள்ளியின் கூரையிலிருந்து தொங்கும் பெல்ஜியக் கண்ணாடி விளக்குகள் எண்ணெய்த் திரிக்கென அமைந்தவை. அக்காலத்து இல்லங்களிலும் மிளகு, சுக்குப் பண்டகசாலைகளிலும் எரிந்தது நெருப்புதான். அதன் அபாயத்தை அறியத் தனிக்கல்வி தேவைப்படவில்லை. புகை கண்ணுக்குத் தெரிந்தது, கருகல் மூக்குக்கு எட்டியது, சூடு கையை எச்சரித்தது. மின்சாரத்தின் வருகை இந்த அறிவைப் பெரும்பாலும் பயனற்றதாக்கிவிட்டது. வீட்டு மின்சாரத்தின் வரலாற்றை எழுதுவோர் ஒளியைப் பற்றி எழுதும் அளவுக்கு இந்த இழப்பைப் பற்றி எழுதுவதில்லை.

கொச்சி நகரில் மின்வழங்கலைத் தொடக்கத்தில் நடத்திய நிறுவனம் யூத வணிகக் குடும்பமான கோடர் குடும்பத்தினுடையது. பின்னர் 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையமும் 1957இல் கேரள மாநில மின்வாரியமும் வந்தன. மின்சாரத்தை யார் வழங்கினார்கள் என்பதை ஆவணங்கள் சொல்லும். அது வீட்டுக்குள் எவ்வாறு நடத்தப்பட்டது என்பதைச் சுவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பழைய வயரிங் முறையில் மரச்சட்டத்தில் இரு பள்ளங்கள் அமைத்து, ரப்பர் உறையிட்ட கம்பிகளை அவற்றில் பதித்து, மேலே மரமூடியை ஆணியால் அடித்தனர். ரப்பர் நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் காய்ந்து, வெடித்து, தொட்டால் உதிரும் பொருள். கடற்காற்றின் உப்பும் தென்மேற்குப் பருவமழையில் ஈரம் உறிஞ்சும் செம்புரைக்கல் சுவரும் அதன் ஆயுளை மேலும் குறைக்கும். கூட்டுக்குடும்ப வீடு பாகம் பிரியும்போது அதே கம்பியிலிருந்து புதிய இணைப்புகள் கிளைக்கின்றன. இரண்டு விளக்குக்கும் ஒரு விசிறிக்குமாக இழுத்த கம்பி குளிர்பதனப் பெட்டியையும் நீர்சூடேற்றியையும் சுமக்க நேர்கிறது.

இவற்றினும் நுட்பமான எச்சம் ஒன்றுண்டு. பழைய பலகைகளில் பேஸ் கம்பிக்கு ஒன்றும் நியூட்ரலுக்கு ஒன்றுமாக இரு பீங்கான் ஃபியூஸ்கள் இருக்கும். அது தொடக்ககால வழக்கம். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் உருகினால் விளக்கு அணைந்துவிடும், ஆனால் பேஸ் கம்பியில் மின்னழுத்தம் அப்படியே நிற்கும். ‘கரண்ட் இல்லை’ என்று நம்பி ஏணியில் ஏறுபவரின் கை அந்த உயிருள்ள கம்பியில்தான் படும். இதனாலேயே இந்திய மின்சார விதிகள் (1956), 32ஆம் விதியின்கீழ், நியூட்ரலில் தனியே ஃபியூஸ் வைப்பதை விலக்கின. எனினும் விதி மாறிய நாளில் பலகைகள் மாறிவிடுவதில்லை. அணைந்த விளக்கு பாதுகாப்பின் சான்றன்று என்பதை எண்ணெய் விளக்குக் காலத்து மனம் ஏற்கவும் தயங்குகிறது.

மட்டாஞ்சேரியை அடுத்த வேளியில் தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தினர் வாழ்கின்றனர். டச்சுக்காரர்கள் படையினரின் துணி வெளுக்க அழைத்துவந்தோரின் வழியினர் என்பது மரபு. இன்றுள்ள சலவைக்கூடம் 1976இல் எழுந்தது. கரித்துண்டு இட்ட இரும்புப் பெட்டியின் சூட்டை ஒரு துளி நீரைத் தெளித்துச் சீறும் ஒலியிலேயே அளந்துவிடும் தொழில் அது. மின்பெட்டி வந்த பின்னும் சூட்டை அளக்கலாம். ஆனால் அதன் உலோக உடலுக்குக் கசிந்து வரும் மின்னோட்டத்தை எந்த அனுபவமும் முன்கூட்டி அளக்க முடியாது. ஈரத்தரை, ஈரக்கை, எர்த் முனை ஒடிந்த பிளக் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் நீண்டகாலத் தொழில்நுணுக்கமும் துணைக்கு வருவதில்லை.

அந்த அளவை ஆய்வகத்தில் வகுத்தவர்களுள் முதன்மையானவர் பெர்க்லியின் சார்லஸ் டால்சியல். பிடித்த கம்பியைத் தானே விட முடியாதபடி தசை இறுகும் மின்னோட்டம் ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று அவர் கண்டார். 60 வாட் குண்டுபல்பு எடுப்பது சுமார் 260 மில்லி ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பியைக் காக்குமே தவிர, மனிதரைக் காக்காது. மனிதரைக் காப்பதற்கென வந்தது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆயினும் அதைக் கட்டாயமாக்கிய விதி 61ஏ, 5 கிலோவாட்டுக்குக் குறைந்த இணைப்புகளுக்கு விலக்களித்தது. 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளிலும் அவ்விலக்கு தொடர்ந்தது. மட்டாஞ்சேரியின் சிறுவீடுகளும் வாடகை அறைகளும் பெரும்பாலும் இவ்வரம்புக்குள் அடங்குபவை. அபாயம் மிகுந்த வயரிங் உள்ள இடத்திலேயே கட்டாயம் தளர்ந்தது தற்செயலாகத் தோன்றலாம். விலக்கின் சுமை யார்மேல் விழுந்தது என்பதில் ஐயமில்லை.

ஆகவே எஞ்சியிருப்பது வீட்டாரின் கண்ணும் மூக்குமே. சுவிட்ச் வெதுவெதுப்பாக இருத்தல், பிளக் துளையைச் சுற்றிப் பழுப்பேறுதல், எரிந்த மீன்போன்ற நெடி, குழாயைத் தொட்டால் சுருக்கென்று குத்துதல், ஓர் அறை விளக்கு மங்க மற்றோர் அறை விளக்கு அளவுக்கு மீறிப் பிரகாசித்தல் ஆகியவை அடையாளங்கள். கடைசியாகச் சொன்னது நியூட்ரல் தளர்ந்ததன் அறிகுறியாகலாம், ஒரு மணிநேரமும் பொறுக்கக்கூடியதன்று. அடிக்கடி உருகும் ஃபியூஸுக்குத் தடித்த கம்பி போடுவது நோயாளியின் வெப்பமானியை உடைப்பதற்கு ஒப்பாகும். மெயினை அணைப்பது, பிளக்குகளைக் கழற்றுவது, ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பது ஆகியவை வீட்டாருக்குரியவை. பலகையின் மூடியைத் திறந்தபின் நிகழ்வதெல்லாம் உரிமம் பெற்ற வயர்மேனுக்குரியது.

லைன்மேன் வந்தால் வீட்டுக்குள்ளும் பார்த்துவிடுவார் என்ற எதிர்பார்ப்பு பல தெருக்களில் நிலவுகிறது. அவருடைய பொறுப்பு மீட்டரோடு முடிகிறது. அறுந்து விழுந்த வெளிக்கம்பிக்கும் மீட்டரில் எழும் பொறிக்கும் அழைக்கவேண்டிய எண் 1912. மீட்டருக்கு அப்பால் மரச்சட்டத்துக்குள் உதிர்ந்துகொண்டிருக்கும் ரப்பர், வீட்டுக்காரரின் கணக்கில் நிற்கிறது.