கோட்டைக்கு முன் கோயில்: மயிலாப்பூர்ப் பறங்கிக் குடியிருப்பின் முற்காலத் தேவாலயங்கள்

மயிலாப்பூர் லஸ் தேவாலயத்தின் சுவரில் பதித்த கல் ஒன்று, அதை 1516ஆம் ஆண்டு பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் கட்டியதாகச் சொல்கிறது. ஆனால் இயேசுவின் சீடர் தோமாவின் கல்லறையைத் தேடிப் போர்த்துக்கீசியர் (தமிழர் வழக்கில் பறங்கியர்) மயிலாப்பூருக்கு வந்த முதற்பயணம் 1517 என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. வந்து சேரும் முன்பே கோயில் கட்டியிருக்க முடியுமா? வரலாற்றாசிரியர் பலர் அந்த ஆண்டை ஐயுறுவது இதனால்தான்.

ஆண்டு எதுவாயினும், கல் ஒரு செய்தியைத் தெளிவாகத் தருகிறது. இங்கே குடியேறிய பறங்கியர் தம் ஊரின் தொடக்கத்தை ஒரு கோட்டையிலிருந்தோ ஆணையிலிருந்தோ கணக்கிடவில்லை. ஒரு கோயிலிலிருந்தே கணக்கிட்டனர். பின்னாளில் இருப்புப்பாதை சென்ற எல்லையூர்கள் பலவற்றில் முதலில் நிலையம், அதன்பின் கடைத்தெரு, அதன்பின் தேவாலயம் என்ற வரிசை இருந்தது. மயிலாப்பூரில் அந்த வரிசை தலைகீழ். அரசின் கை எட்டாத எல்லையில் தேவாலயமே ஊரின் முதல் நிறுவனமாக இருந்தது என்பதையும், ஊர் அழிந்தபின் அதன் வரைபடமாக எஞ்சியதும் அதுவே என்பதையும் இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

பக்கிரி ஏற்றிய விளக்கு

பறங்கியர் வெற்று நிலத்தில் வந்து இறங்கவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, மாபார் (சோழமண்டலக் கரை) நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தோமாவின் உடல் இருப்பதாகவும், கிறித்தவரும் முஸ்லிம்களும் அங்கே யாத்திரை வருவதாகவும் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் வந்த ஓதோரிக் பாதிரியார் அங்கே நெஸ்தோரியக் கிறித்தவர் வீடுகள் பதினைந்து இருந்ததைக் குறித்தார். போர்த்துக்கீசியரான துவார்த்தே பார்போசா எழுதும்போது சிதைந்த கட்டடமே மிஞ்சியிருந்தது. அங்கே விளக்கு அணையாமல் காத்தவர் ஒரு முஸ்லிம் பக்கிரி. எண்ணெய்க்காக அவர் பிச்சை எடுத்தார். 1523 அளவில் அந்த இடிபாட்டைத் தோண்டிச் செப்பனிட்ட பறங்கியர், பல சமயத்தார் போற்றிவந்த ஒரு தலத்தைத் தமதாக்கிக் கொண்டனர் என்பதே பொருத்தமான வாசிப்பு.

கரை, ஆறு, குன்று

அடுத்த முப்பதாண்டுகளுக்குள் தேவாலயங்கள் மூன்று திசையில் பரவின. கடற்கரையில், சாந்தோம் எனப்பட்ட பறங்கிக் குடியிருப்பில், தோமாவின் கல்லறைக் கோயில். உள்ளே மரங்கள் அடர்ந்த பகுதியில் லஸ். புயலில் தவித்த மாலுமிகளுக்கு ஓர் ஒளி வழிகாட்டியது, கரையேறி அதைத் தொடர்ந்தபோது காட்டுக்குள் மறைந்தது, அந்த இடத்தில் ஒளியின் மாதாவுக்குக் கோயில் எழுந்தது என்பது மரபு. ‘லஸ்’ என்றாலே போர்த்துக்கீசிய மொழியில் ஒளி. தமிழர் அதற்கு இட்ட பெயர் காட்டுக்கோயில். ஒன்று வந்தவரின் நினைவு. மற்றது இருந்தவர் கண்ட நிலம்.

தெற்கே அடையாற்றங்கரையில் சின்னமலைக் கோயில் 1551இல் எழுந்தது. அதற்கும் அப்பால் பரங்கிமலை உச்சியில் 1523 முதலே ஒரு கோயில் உண்டு. 1547இல் அங்கே அடித்தளம் தோண்டியபோது, பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை ஒன்று கிடைத்தது. கேரளத்துப் பழைய சிலுவைகளுடன் உறவுடைய இக்கல்லை 1873இல் ஏ.சி. பர்னல் ஆராய்ந்து, 7 அல்லது 8ஆம் நூற்றாண்டினது எனக் கணித்தார். வாசகத்தின் பொருள் குறித்து இன்றும் ஒருமித்த கருத்தில்லை. பாரசீகத் தொடர்புடைய கிறித்தவர் பறங்கியருக்கு எட்டு நூற்றாண்டு முன்பே இக்கரையில் வழிபட்டனர் என்பதற்கு மட்டும் அக்கல் சான்று.

மன்னர் இல்லாத ஊர்

சாந்தோம் குடியேறிகள் பெரும்பாலும் படைச் சேவை விட்டவர்களும் வணிகர்களும். கோவாவின் ஆளுநர் தொலைவில் இருந்தார். நிலம் விஜயநகரத்துக்கு உரியது. 1545இல் ஏறத்தாழ நான்கு மாதம் இங்கே தங்கிய பிரான்சிஸ் சவேரியார், பங்குக்குருவின் வீட்டில்தான் தங்கினார். வந்தவருக்குத் தங்குமிடம் கொடுத்த நிறுவனமும் கோயில்தான். 1558 அளவில் விஜயநகரத்தின் ராமராயர் படையுடன் வந்து பெருந்தொகை தண்டியபோது, எதிர்த்து நிற்க மதில் இல்லை. மதிலும் கொத்தளமும் அடுத்த நூற்றாண்டில்தான் முழுமை பெற்றன.

1606இல் போப் ஐந்தாம் பவுல் இவ்வூரை மறைமாவட்டத் தலைநகராக்கினார். கைப்பிடி அளவான ஊரின் ஆயருக்குச் சோழமண்டலக் கரை முதல் வங்காளம், பெகு வரை அதிகாரம்! அதிகாரம் பரந்ததால் பூசலும் பரந்தது. 1642 முதல் ஆங்கிலேயரின் மதராசில் பணியாற்றிய கப்புச்சின் துறவி எப்ராயீம், 1649இல் சாந்தோமில் பிடிக்கப்பட்டுக் கோவாவின் சமயவிசாரணைக்கு அனுப்பப்பட்டார். சில கல் தொலைவிலிருந்த இரு பங்குகளுக்கிடையே இரு பேரரசுகளின் எல்லைக்கோடு ஓடியது.

கற்களின் சாட்சியம்

இந்த வரலாற்றில் தவிர்க்க இயலாத கேள்வி கபாலீசுவரர் கோயில். சம்பந்தர் பாடிய தலம் கடலோரத்தில் இருந்தது என்பது மரபு. அருணகிரிநாதரும் அதைக் கடற்கரையோடு சேர்த்தே பாடினார். இன்றைய கோயில் உள்ளே தள்ளி இருக்கிறது. 1920களில் ஹோஸ்டன் பாதிரியார் சாந்தோமில் ஆய்ந்தபோது சோழர்காலக் கல்வெட்டுத் துண்டுகள் வெளிப்பட்டன. பழைய கோயிலைப் பறங்கியர் இடித்தனர் என்பார் உண்டு. கடல் அரித்தது என்பாரும் உண்டு. எல்லையூரின் கட்டடங்கள் முன்னவர் கற்களின்மேல் நின்றன என்பதைப் புறக்கணித்து அதன் தேவாலய வரலாற்றை எழுத முடியாது.

மதில் விழுந்த பின்

1662இல் கோல்கொண்டாப் படை ஊரைப் பிடித்தது. பறங்கியர் பலர் மதராசுக்குக் குடிபெயர்ந்தனர். 1672இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி ஈராண்டில் இழந்தனர். 1697இல் மதில்கள் தரைமட்டமாயின. 1749இல் ஆங்கிலேயர் கொடியேற்றியபோது எஞ்சியவை கோயில்களும் ஆயரின் இருக்கையும்தான். அவற்றைச் சுற்றி அதற்கு முன்பே புதிய கைகள் வேலை செய்திருந்தன: 1726இல் ஆர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான் அடையாற்றின்மேல் மர்மலாங் பாலம் கட்டினார், மலைக்கோயிலுக்குப் படிகளும் அவர் கொடை. பழைய கல்லறைக் கோயில் இருந்த இடத்தில் இன்றைய கோதிக் பேராலயம் 1896இல் அபிஷேகமானது. 1952இல் மயிலாப்பூரும் மதராசும் ஒரே உயர்மறைமாவட்டமாயின. எப்ராயீமைச் சிறைப்படுத்திய எல்லைக்கோடு அன்று அழிந்தது.

முடிவுரை

இங்கே இருப்புப்பாதை கடைசியாக வந்தது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்ரயில் ஓடத் தொடங்கியபோது, பரங்கிமலை நிலையத்துக்குப் புதுப்பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. பறங்கியரின் மதில் எங்கே ஓடியது என்று இன்று சாந்தோம் நெடுஞ்சாலையில் எவரும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் லஸ், சின்னமலை, பரங்கிமலை என்று பேருந்து நடத்துநர் கூவும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த ஊரின் எல்லை கேட்கிறது.