முப்பத்தோராவது இடம்

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகளில் ஆறு, வேலூர் சி.எம்.சி.யில் மஞ்சளாக மாறின. இந்தியாவின் எச்.ஐ.வி வரலாறு அங்கே தொடங்குகிறது. அதே வரலாற்றில் மூளைக்கென்று ஒரு கிளைக்கதை உண்டு. அதை யாரும் அதிகம் சொல்வதில்லை.

இந்த வைரஸ் நரம்பணுக்களை நேராகத் தாக்குவதில்லை. மோனோசைட் என்ற காவல் அணுக்களுக்குள் ஏறிக்கொண்டு மூளைக்குள் போகிறது. அங்கிருக்கும் காவலாளிகளான மைக்ரோகிளியாவும் கிளர்ந்தெழுந்து ரசாயனங்களைக் கொட்டுகின்றன. நரம்பணுக்கள் சாவது பெரும்பாலும் இந்தச் சண்டையில்தான். வைரஸின் ‘டாட்’ புரதமே மோனோசைட்டுகளைக் கூவி அழைக்கிறது.

மேற்கில் எய்ட்ஸோடு டிமென்ஷியாவும் வந்தது. இங்கே அது அரிதாகவே தென்பட்டது. 2004இல் பெங்களூரில் உதயகுமார் ரங்காவின் குழு ஒரு காரணம் சொன்னது. இந்தியாவில் பரவியிருப்பது பெரும்பாலும் சி வகை வைரஸ். அதன் டாட் புரதத்தில் 31வது இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் செரீன் இருக்கிறது. அதனால் அழைப்புக் குரல் பலவீனம்.

கோட் எழுதிப் பிழைப்பவனுக்கு இதைவிட அழகான கதை கிடைக்காது. ஒரு எழுத்து, அவ்வளவுதான்! ஆனா எனக்கு உறுத்தியது வேறு. அன்றைக்கு இங்கே நோயாளிகள் பலரும் காசநோயிலோ கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலிலோ முதலிலேயே இறந்துபோனார்கள். மறதி வர ஆயுள் வேண்டுமே. தவிர, அளந்து பார்த்தவர்களும் குறைவு. 2007இல் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள், சிகிச்சை தொடங்காத 119 பேரை அளந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோரிடம் நினைவாற்றலில் ‘லேசானது முதல் நடுத்தரம்’ வரையிலான குறை இருந்தது.

லேசானது, யாருக்கு? நான் இருப்பது திருப்பூரில். இங்கே பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக், பேட்லாக் டைலர்களில் நிறைய பேருக்கு பீஸ் ரேட்டுதான். விரல் கொஞ்சம் மந்தமானால் மருத்துவக் குறிப்பேட்டில் ஒன்றும் ஏறாது, சனிக்கிழமை சம்பளத்தில் குறையும். “என்னங்கண்ணா, கை ஓடலியா?” என்று சூப்பர்வைசர் கேட்பார். அவருக்கு அது சோம்பேறித்தனம்.

2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டுமருந்து இலவசமாகக் கிடைக்கிறது. தாம்பரம் முதல் மையங்களில் ஒன்று. ஆட்கள் பிழைத்தார்கள், வேலைக்குத் திரும்பினார்கள், இப்போது வயதாகிறார்கள். மாத்திரையால் இரத்தத்தில் வைரஸ் அடங்கினாலும், மூளையில் அழற்சி சிலருக்கு மிச்சமிருக்கிறது. சிடி4 எண்ணிக்கையும் வைரஸ் அளவும் பார்க்கும் ரிப்போர்ட்டில் அதற்கென்று ஒரு வரி கிடையாது.