கீச்சொலியும் கல்நார்த் தூசியும்: திருமலைப் பாதையின் அடிவாரப் பட்டறைகள் குறித்து

திருப்பதியிலிருந்து திருமலைக்குச் செல்லும் முதல் மலைப்பாதை 1944 ஏப்ரலில் ஆளுநர் ஆர்தர் ஹோப்பால் திறந்துவைக்கப்பட்டது. சித்தூர் மாவட்டம் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவு, 36 வளைவுகள். எழுபதுகளில் இரண்டாம் பாதை அமைந்தபின் அது ஏற்றத்துக்கும் பழைய பாதை இறக்கத்துக்கும் என்றாயின. இப்பாதையின் வரலாற்றை எழுதுவோர் பொறியியலையும் பக்தர் பெருக்கத்தையும் விரிவாகப் பேசுவர். இறங்கி வரும் வண்டியின் பிரேக் எழுப்பும் கீச்சொலியும், அதைத் தீர்த்துவைத்த திருப்பதி, சித்தூர்ப் பட்டறைக்காரரின் நுரையீரலும் அவ்வரலாற்றின் பகுதிகளே என்பது என் கருத்து.

கீச்சொலிச் சிக்கல் மோட்டார் வண்டியளவு பழையது. 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்ற பிரெடரிக் லாஞ்செஸ்டர் செம்புப் பட்டைகளைப் பயன்படுத்தினார். உலோகத்தை உலோகம் பற்றியபோது எழுந்த அலறல் சகிக்க இயலாததாயிற்று. அதற்கு மாற்றுக் கண்டவர் ஹெர்பர்ட் ஃப்ரூட். 1897 முதல் குதிரை வண்டிகளுக்கான லைனிங்குகளைச் சோதித்துவந்த அவர், அடுத்த பத்தாண்டில் கல்நாரைக் கையாண்டார். கல்நார் வெப்பம் தாங்கியது, ஓசையையும் அடக்கியது. உலகெங்கும் அதுவே வழக்கமாயிற்று.

அந்த அமைதியின் விலை விரைவிலேயே தெரிந்தது. இங்கிலாந்தின் ராச்டேலில் கல்நார் நூற்பாலையில் உழைத்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல் இறந்தார். அவரது நுரையீரலில் கல்நார்த் துகள்கள் காணப்பட்டன. 1930இல் மெரிவெதர், பிரைஸ் ஆகியோரின் அறிக்கையும் 1931இல் பிரிட்டிஷ் விதிகளும் வந்தன. ஆனால் அவ்விதிகள் கல்நார்ப் பொருள் செய்யும் ஆலைகளைத்தான் கட்டுப்படுத்தின. செய்த லைனிங்கைக் கழற்றி மாட்டும் பட்டறைகள் அவற்றுக்கு வெளியே நின்றன. திருமலைப் பாதை திறக்கப்பட்டது இதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து.

பட்டறையில் நடப்பதைக் கவனித்தால் இந்த விடுபாட்டின் பொருள் விளங்கும். இறக்கம் முழுதும் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் லைனிங் சூடேறி, அதன் மேற்பரப்பு கண்ணாடிபோல் இறுகிப் பளபளக்கும். பிறகு அது டிரம்மைச் சீராகப் பற்றாமல், ஒட்டியும் நழுவியும் அதிரும். அந்த அதிர்வே கீச்சொலி. உள்ளே தேய்மானத் தூசி சேர்ந்தாலும் ஒலி எழும். கரகரவென்று அரைக்கும் ஒலி வேறு: லைனிங் தீர்ந்து ரிவெட் டிரம்மைக் கீறுகிறது, உடனே மாற்றியாக வேண்டும். (இரண்டாம் கியரிலேயே இறங்கும் ஓட்டுநருக்கு இவ்வேலை பெரும்பாலும் வாராது.) கீச்சொலிக்கு மெக்கானிக் செய்வது எளிது. டிரம்மைக் கழற்றி, கம்ப்ரசரால் காற்றடித்துத் தூசியைப் போக்கி, லைனிங்கை உப்புத்தாளால் தேய்த்து, அதன் முனைகளைச் சற்றே சாய்வாக ராவுவார். கல்நார் லைனிங்காயின், இவற்றில் ஒவ்வொன்றும் அவர் முகத்தருகே நுண்ணிழைகளைப் பறக்கவிடும் வேலை.

1995இல் நம் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளரின் உடல்நலத்தை வாழ்வுரிமையின் பகுதியாக ஏற்றது. அவ்வழக்கின் மையமும் சுரங்கமும் ஆலையும்தான். அமெரிக்காவின் 1994ஆம் ஆண்டு விதிகளோ பிரேக் பழுதுபார்ப்பைப் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டன. அவை கேட்டது பெரிய இயந்திரமன்று: திறந்தவெளியில் காற்றடிப்பதை விட்டு, டிரம்மை முதலில் நனைத்து ஈரத்துணியால் துடைப்பதையும் அவை போதுமான முறையாக ஏற்றன.