தந்தை செல்வா: பதவியும் துறவும்

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவர் அவையில் ஆற்றிய உரைகளையே முதற்கண் தேடுவர். ஈழத் தமிழர் தந்தை செல்வா எனப் போற்றும் சா. ஜே. வே. செல்வநாயகத்தின் வாழ்வு அம்முறைக்கு அடங்குவதன்று. அவர் மெலிந்த குரலினர். பிற்காலத்தில் செவிப்புலன் குன்றி, பார்க்கின்சன் நோயாலும் வருந்தியவர். பதவியை இழக்கத் துணிந்து அவர் எடுத்த இரண்டு முடிவுகளே அவருடைய அரசியலை விளக்கப் போதுமானவை.

மலாயாவின் ஈப்போவில் 1898 மார்ச் 31-இல் பிறந்த செல்வநாயகம், இளமையிலேயே யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்கு வந்து வளர்ந்தார். ஆசிரியராகப் பணியாற்றிப் பின்னர் வழக்கறிஞராகிக் கொழும்பில் பெயர் பெற்றார். 1947-இல் தமிழ்க் காங்கிரசின் சார்பில் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்றார். சைவர் பெரும்பான்மையினராக வாழும் அத்தொகுதி, கிறித்தவர் ஒருவரைத் தன் பேராளராக ஏற்றமை குறிப்பிடத்தக்கது.

1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. அவ்வாண்டே கட்சித் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகம் பிரிந்து, 1949 டிசம்பர் 18-இல் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். தோட்டத் தொழிலாளருக்காக வாதாடியதால் அவர் தொகுதியில் கூடுதலாக ஒரு வாக்கும் கிடைக்கப் போவதில்லை. 1947-இல் எழுவரைத் தேர்ந்தனுப்பிய மலையக மக்கள், வாக்குரிமை பறிக்கப்பட்டதால் 1952-இல் ஒருவரையேனும் அனுப்ப இயலவில்லை. அத்தேர்தலில் செல்வநாயகமும் தமிழறிஞர் சு. நடேசபிள்ளையிடம் தோற்றார்.

சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற முழக்கம் ஓங்கிய 1956-இல் அத்தொகுதி அவரை மீண்டும் அனுப்பியது. 1957 ஜூலை 26-இல் பண்டாரநாயக்காவுடனும், 1965 மார்ச் 24-இல் டட்லி சேனநாயக்காவுடனும் உடன்பாடு கண்டார். முன்னது 1958-இல் கைவிடப்பட்டது. பின்னதன் சாரமான மாவட்ட சபைகள் அமையவே இல்லை. அவர் எக்காலத்தும் அமைச்சர் பதவி ஏற்கவில்லை.

1972 மே 22-இல் புதிய குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்தது. தமிழ் மக்கள் அதனை ஏற்கவில்லை என்பதை மக்கள் வாக்கினாலேயே நிறுவ வேண்டி, அக்டோபர் 3-இல் தம் பதவியைத் துறந்தார். இடைத்தேர்தலோ 1975 பிப்ரவரி 6-இல்தான் நடைபெற்றது. இருபத்தெட்டுத் திங்கள் காங்கேசன்துறைக்குப் பேராளர் இல்லை. ஒரு தொகுதியின் குரலை இவ்வாறு பணயம் வைத்தல் முறையோ எனக் கேட்பாரும் உண்டு. அதற்கு விடை கூற வேண்டியோர் அத்தொகுதி மக்களே. அவர்கள் செல்வநாயகத்துக்கு 25,927 வாக்குகளையும், எதிர்த்து நின்ற வி. பொன்னம்பலத்துக்கு 9,457 வாக்குகளையும் அளித்தனர்.

ஆயினும் யாப்பில் ஒரு சொல்லும் மாறவில்லை. கால் நூற்றாண்டுக் காலம் கூட்டாட்சி வேண்டிய அவரே, 1976 மே 14-இல் தனி அரசு கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்குத் தலைமை தாங்கினார். 1977 ஏப்ரல் 26-இல் மறைந்தார். அவருக்குப் பின்வந்த இளையோருட் பலர் வாக்குச்சீட்டின் மீதே நம்பிக்கை இழந்தனர். செல்வநாயகம் இறுதிவரை தம் மக்களின் வாக்கையே சான்றாகக் காட்டினார். அச்சான்றினை ஏற்க மறுத்தமையால் நேர்ந்த இழப்பு, அவர் ஒருவருடையது மட்டுமன்று, ஒரு நாட்டினுடையது.